இன்ஜின் இல்லாமலே கப்பலேறிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்... அலார்டு ஜே2 கதை தெரியுமா?

கார் வாங்கப் போனால் கலர் கேட்பாங்க, மைலேஜ் கேட்பாங்க. ஆனால் காரையே இன்ஜின் இல்லாமல் விற்றது ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. காரின் பெயர் அலார்டு ஜே2. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில் வந்த இந்த காரில் மொத்தமே 90தான் தயாரானது. அமெரிக்காவுக்குப் போனவற்றில் பல, பானெட்டுக்குள் காலியாகவே கப்பலேறின. அங்கே இறங்கியதும் காடிலாக் வி8 இன்ஜினை மாட்டிக்கொண்டு ரேஸுக்குக் கிளம்பின.

யார் இந்த அலார்டு?

லண்டனில் ஃபோர்டு கார் டீலராக இருந்தவர் சிட்னி அலார்டு. போருக்கு முன்பே ஃபோர்டு வி8 இன்ஜினை வைத்து சொந்தமாக கார் கட்டி, சேறும் சரிவுமான மேடுகளில் ஏற்றிக் காட்டியவர். தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கியது 1945-ல். முதலாளியே ரேஸ் டிரைவர் என்பதுதான் இங்கே விசேஷம். 1949-ல் பிரிட்டனின் மலையேற்ற கார் பந்தய சாம்பியனும் அவர்தான்.

ஏன் இன்ஜின் இல்லாமல்?

போரில் ஜெயித்தாலும் பிரிட்டனின் கஜானா காலி. டாலருக்குப் பெரும் தட்டுப்பாடு. ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்குத்தான் இரும்பு ஒதுக்கீட்டில் முன்னுரிமை. இந்த நிலையில் அமெரிக்க இன்ஜினை இறக்குமதி செய்தால், சம்பாதிக்க வேண்டிய டாலரைச் செலவழிப்பதாகிவிடும்!

அலார்டுக்கு உள்ளூரில் கிடைத்தது ஃபோர்டின் பழைய 3.6 லிட்டர் வி8. சும்மா 85 குதிரைத்திறன். ஆனால் 1949-ல் காடிலாக் கொண்டுவந்த புதிய 5.4 லிட்டர் வி8-க்கு 160 குதிரைத்திறன், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்போ என்ன வழி? காரை மட்டும் அனுப்பு, இன்ஜினை வாங்குறவரே அமெரிக்காவில் போட்டுக்கட்டும். அவ்வளவுதான். சிலர் காடிலாக்குக்குப் பதிலாக கிறைஸ்லர், ஓல்ட்ஸ்மொபைல் இன்ஜின்களைப் போட்டார்கள்.

ஒரே கியரில் லெ மான்

ஜே2 பார்க்க அப்படியொன்றும் அழகியில்லை. முன் சக்கரங்களுக்கு சைக்கிள் மட்கார்டு மாதிரி தனி மூடி. ஃபோர்டு லாரி, கார்களில் இருப்பது போன்ற முன் ஆக்சிலை நடுவில் இரண்டாக வெட்டி, மூட்டு வைத்தது போல ஒரு சஸ்பென்ஷன். எடை சுமார் ஒரு டன். அதில் 5.4 லிட்டர் இன்ஜின் என்றால், ஆக்சிலரேட்டரை மிதிக்கத் துணிச்சல் வேண்டும்.

1950-ல் பிரான்சின் 24 மணி நேர லெ மான் பந்தயத்துக்கு காடிலாக் இன்ஜின் போட்ட ஜே2-வை சிட்னியே கொண்டுபோனார். துணைக்கு டாம் கோல். பாதியில் கியர்பாக்ஸ் மக்கர் செய்து, டாப் கியர் மட்டும்தான் மிஞ்சியது. சின்ன இன்ஜினாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் திணறி நின்றிருக்கும். மெதுவாகச் சுற்றும்போதே பலமாக இழுக்கும் பெரிய வி8 என்பதால் ஒரே கியரிலேயே வண்டி ஓடியது. கிடைத்தது மூன்றாம் இடம்! அதே ஆண்டு அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் பந்தயத்தில் இன்னொரு காடிலாக்-அலார்டு முதலிடமே பிடித்தது.

அப்புறம் ஏன் காணாமல் போனது?

1952-ல் மான்டி கார்லோ ராலியையும் தன் கம்பெனியின் பி1 காரிலேயே ஜெயித்தார் சிட்னி. ஆனால் ஷோரூமில் கதை வேறு. ஜாகுவார் எக்ஸ்கே120 பளபளப்பாக, சொந்த இன்ஜினோடு வந்து நின்றது. 1953-ல் அமெரிக்காவே கார்வெட்டைக் கொண்டுவந்தது. ஜே2-க்கு அடுத்து வந்த ஜே2எக்ஸ் 83 கார்களோடு நின்றது. சுமார் 1,900 கார்கள் தயாரித்த பிறகு, 1950-களின் முடிவில் உற்பத்தியே ஓய்ந்தது.

ஐடியா மட்டும் சாகவில்லை. காடிலாக்-அலார்டு ஓட்டி ரேஸில் பழகிய ஒரு அமெரிக்கர், 1962-ல் பிரிட்டனின் ஏசி காரில் ஃபோர்டு வி8-ஐப் பொருத்தினார். அவர் கரோல் ஷெல்பி, அந்தக் கார் கோப்ரா. இன்று உலகம் கொண்டாடுவது அதைத்தான். அலார்டின் பெயர் ரசிகர்களுக்கு மட்டுமே தெரிகிறது. நியாயமில்லைதான்.

மிஞ்சியிருக்கும் ஜே2-வை வாங்குபவர்களுக்கு இன்றும் ஒரு விநோதத் தலைவலி உண்டு. இன்ஜின் இல்லாமலே ஃபேக்டரியை விட்டு வந்த காரில், 'ஒரிஜினல் இன்ஜின்' என்று எதைச் சொல்வது?