எச்சிலை வைத்தே வாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியுமா? நான்-கோடிங் ஆர்.என்.ஏ. என்ன செய்கிறது?

"சின்னப் புண்ணுதானே, தானா ஆறிடும்" என்று பலரும் வாய்ப்புண்ணை கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். டாக்டரிடம் போகும்போது நோய் முற்றியிருக்கும். இந்திய ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் முன்னணியில் இருப்பது வாய்ப் புற்றுநோய். வாய், தொண்டை, குரல்வளையில் வரும் புற்றுநோய்களை 'தலை, கழுத்துப் புற்றுநோய்' என்கிறார்கள். இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா என்று விஞ்ஞானிகள் ஆராயும் மூலக்கூறுதான் நான்-கோடிங் ஆர்.என்.ஏ.

அது என்ன?

டி.என்.ஏ.வில் உள்ள தகவலை ஆர்.என்.ஏ. நகலெடுக்கும், அதை வைத்து செல் புரதம் தயாரிக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால், மனித டி.என்.ஏ.வில் புரதத்துக்கான பகுதி சுமார் 2 சதவீதம்தான். மீதியை ஒரு காலத்தில் 'குப்பை' என்றே சொன்னார்கள். அந்தப் பகுதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ.க்கள் உருவாகின்றன. அவை புரதமாக மாறாது. ஆனால் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி கூட்டிக் குறைக்கும்.

இதில் சுமார் 22 எழுத்துகளே கொண்ட குட்டி வகை மைக்ரோ ஆர்.என்.ஏ. 1993-ல் புழு ஒன்றில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், அதன் செயல்பாட்டை விளக்கிய கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 200 எழுத்துகளுக்கு மேல் நீளமான வகையும், வளைய வடிவ வகையும் உண்டு.

புற்றுநோயில் என்ன நடக்கிறது?

ரெகுலேட்டர் கெட்டுப்போகிறது. வாய்ப் புற்றுநோய்க் கட்டிகளில் 'மிர்-21' என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. அதிகமாக இருக்கிறது. செல் வளர்ச்சிக்கு பிரேக் போடும் மரபணுக்களை இது அமுக்கிவிடும். வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் 'லெட்-7' பல கட்டிகளில் குறைந்துவிடுகிறது. பிரேக் இல்லாத வண்டி மாதிரி செல்கள் பெருகுகின்றன. 'ஹாட்டேர்', 'மலாட்1' போன்ற நீள வகைகள் நோய் பரவுவதோடு தொடர்புடையவை.

எச்சில் டெஸ்ட் வந்துவிட்டதா?

இன்னும் இல்லை. வாய்ப் புற்றுநோயாளிகளின் எச்சிலில் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குறைவாக இருப்பதை 2009-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இவை எச்சிலிலும் சீக்கிரம் சிதையாது என்பது பெரிய பிளஸ். சிக்கல் என்னவென்றால், மிர்-21 வேறு பல புற்றுநோய்களிலும் கூடும். எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்பதிலும் ஒருமித்த கணக்கு இல்லை. அதனால் இன்றும் நோயை உறுதிசெய்வது பயாப்சிதான்.

மருந்து?

அதுவும் எளிதல்ல. மைக்ரோ ஆர்.என்.ஏ. போலவே வடிவமைத்த ஒரு மருந்தின் பரிசோதனை, நோயெதிர்ப்பு மண்டலத்தில் கடும் பக்கவிளைவுகள் வந்ததால் 2016-ல் நிறுத்தப்பட்டது. அது வேறு புற்றுநோய்களுக்கானது என்றாலும், இந்தத் துறைக்கே ஒரு பாடம்.

இப்போது கவனிக்க வேண்டியவை

• 3 வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண்
• வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
• வாய் திறக்க சிரமம்
• தொடர்ந்து குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி
• கழுத்தில் கட்டி

இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். புகையிலை, மது மட்டுமல்ல, புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு உறுதி செய்திருக்கிறது. எச்சில் டெஸ்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.