ஹோம் தியேட்டர் வாங்குமுன்: இணைப்பும் ரிமோட்டும்

தாராவியின் 90 அடி சாலையை ஒட்டிய சிறு வீடுகளில் ஒரே அறைதான் கூடம், படுக்கையறை, திரையரங்கு எல்லாம். அங்கு ஹோம் தியேட்டர் வந்தபின், தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ், ஒலிபெருக்கி என மூன்று ரிமோட்கள் சேர்கின்றன. ஒலியைக் குறைக்க எதை அழுத்துவது என முதியோர் தடுமாறுகின்றனர். வாங்குமுன் தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பார்த்தால் இச்சிக்கல் பெரும்பாலும் தீரும்.

எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றன் அருகே 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 தரத்தில் இவ்வசதி சேர்ந்தது. தொலைக்காட்சியின் ஒலி ஒரே கம்பிவழியே ஒலிபெருக்கிக்குச் செல்லும். அதே கம்பியில் 'சி.இ.சி.' என்னும் கட்டளைத் தடமும் உண்டு. இதனால் தொலைக்காட்சி ரிமோட்டே ஒலியைக் கூட்டும், குறைக்கும். தொலைக்காட்சியை அணைத்தால் ஒலிபெருக்கியும் அணையும். அமைப்புகளில் இதை இயக்கி வைக்க வேண்டியிருக்கலாம். சாம்சங்கில் இதன் பெயர் 'எனிநெட் பிளஸ்', எல்.ஜி.யில் 'சிம்ப்ளிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்'.

ஆப்டிக்கல் கம்பி ஒலியை மட்டுமே கடத்தும், கட்டளையைக் கடத்தாது. ஆகவே அதைத் தேர்ந்தால் இரண்டாவது ரிமோட் பொதுவாகத் தவிர்க்க இயலாதது. 'இ.ஏ.ஆர்.சி.' என்னும் மேம்பட்ட வகை, ப்ளூ-ரே தட்டுகளின் சுருக்கப்படாத தர ஒலிக்குப் பயன்படும். இணையவழித் திரைப்படங்களின் டால்பி ஒலிக்குப் பெரும்பாலும் ஏ.ஆர்.சி.யே போதும்.

சாதாரண ரிமோட், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியால் இயங்குகிறது. திரைச்சீலையோ பலகையோ குறுக்கிட்டால் கட்டளை சேராது. ஆகவே பரணில் படுத்தபடி இயக்குவோரும், கருவியை அலமாரிக்குள் வைப்போரும் புளூடூத் ரிமோட் உள்ளதைத் தேர்வது நலம். ரிமோட் பழுதா என்று அறிய, கைப்பேசிக் கேமராவின் முன் அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல கேமராக்களில் நுனி விளக்கு ஒளிர்வது தெரியும்.

பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்களுக்குத் தொலைக்காட்சியின் ஒலி, மின் பொத்தான்களைக் கற்பிக்கலாம். இவ்வளவும் இயலாதபோதே தனியே பொது ரிமோட் வாங்க எண்ணலாம்.

கடைக்குச் செல்லும்போது தொலைக்காட்சியின் பின்புறத்தைக் கைப்பேசியில் படமெடுத்துச் செல்லுங்கள். தொலைக்காட்சி ரிமோட்டால் ஒலியைக் கூட்டிக் காட்டச் சொல்லிவிட்டு, அதன்பின் பணம் செலுத்துங்கள். தவணையில் வாங்குவோர் 'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தில் மயங்க வேண்டாம். வட்டியற்ற கடன் என ஒன்றில்லை என்று 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. வட்டி பெரும்பாலும் செயற்பாட்டுக் கட்டணத்தில் மறைந்திருக்கும். ரொக்க விலையையும் தவணைகளின் மொத்தத் தொகையையும் ஒப்பிட்டபின் கையெழுத்திடுவதே நம் பணத்துக்குக் காவல்.