முதற்பனியின் அபாயம்
பனி குறைவெனில் அபாயமும் குறைவு என்ற எண்ணம் இமயமலையில் பொருந்தாது. பருவத் தொடக்கத்தில் விழும் மெல்லிய பனிப்படலம், தரையின் வெப்பத்திற்கும் வெளிக்காற்றின் கடுங்குளிருக்கும் இடைப்பட்டு, நாளடைவில் சர்க்கரை போன்ற பிடிப்பற்ற மணிகளாக மாறிவிடுகிறது. அதன்மீது படியும் புதுப்பனியைச் சரியச் செய்ய ஒரு மனிதரின் எடையே போதுமானது. 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளிலேயே இது பெரிதும் நிகழ்கிறது.

2022 அக்டோபர் 4 அன்று உத்தரகண்டின் திரௌபதி கா டண்டா சிகரப் பகுதியில் ஏற்பட்ட பனிச்சரிவில் மலையேற்றப் பயிற்சிக் குழுவினர் 29 பேரை இழந்தோம். அக்குழுவில் தேர்ந்த பயிற்றுநரும் இருந்தனர் என்பது கருதத்தக்கது.

புதுப்பனி பெய்தபின் செங்குத்துச் சரிவுகளைச் சில நாட்கள் தவிர்ப்பதே நன்று. கடக்க நேரின் ஒவ்வொருவராகக் கடத்தல் வேண்டும். புதையுண்டவரை முதற் சில நிமிடங்களுக்குள் மீட்க உடனிருப்போரால் மட்டுமே இயலும். ஆதலின் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் இன்றியமையாதது.