உச்சிக் கிளையோடு ஒரு நடை

கும்பகோணம் பக்கத்துக் குடும்பங்களில் பலவற்றுக்கு மும்பை மாட்டுங்காவில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள். கல்யாணம், காதுகுத்து என்று போகிறவர்கள் சித்தி விநாயகர், மகாலட்சுமி, கேட்வே என்று ஒரு சுற்று வந்துவிட்டு ரயில் ஏறிவிடுவது வழக்கம். தாராசுரத்திலிருந்து போன நான் இந்த முறை மலபார் ஹில்லுக்குப் போனேன். அங்கே காட்டுக்குள், மரங்களின் தலைமட்டத்துக்கு ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள்.

மும்பை மாநகராட்சி கட்டியது. 2025 மார்ச் 30, குடி பாட்வா அன்று திறந்தார்கள். நீளம் 485 மீட்டர், அகலம் 2.4 மீட்டர். இந்தியர்களுக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 100 ரூபாய் கட்டணம். இணையத்தில் நேரம் குறித்து டிக்கெட் எடுக்க வேண்டும். மாட்டுங்கா ரோடில் லோக்கல் பிடித்து கிராண்ட் ரோடில் இறங்கினால், அங்கிருந்து டாக்ஸி.

ஏணி, லிஃப்ட் எதுவும் இல்லாமலேயே உயரத்துக்குப் போய்விடுகிறோம். பாதை மட்டமாகத்தான் போகிறது. மலைச்சரிவு என்பதால் நிலம் நம் காலடியிலிருந்து நழுவி இறங்குகிறது. கொஞ்ச தூரத்தில் அடிமரம் காணாமல் போய், கிளைகள் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. முழங்கால் வலிக்காரர்களும் தைரியமாக வரலாம்.

எங்கள் ஊர் அரசமரத்தில் கோடைக் காலத்தில் நாள் முழுக்க 'டுக், டுக்' என்று ஒரு சத்தம் கேட்கும். செம்மார்புக் குக்குறுவான். பச்சை இலைக்குள் பச்சைப் பறவை. சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேனே தவிர, நன்றாகப் பார்த்ததில்லை. இங்கே கைப்பிடிக் கம்பிக்கு எதிரில், என் கண்மட்டத்தில் உட்கார்ந்திருந்தது. நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள், அலகின் அடியில் மீசை மயிர். கூவும்போது அலகைத் திறப்பதே இல்லை. தொண்டை மட்டும் உப்பி உப்பி அடங்குகிறது. ஒவ்வொரு 'டுக்'குக்கும் தலை ஒரு வெட்டு வெட்டுகிறது. கொடுத்த 25 ரூபாய் அந்த இடத்திலேயே எனக்குச் சரியாகிவிட்டது.

மற்றவர்கள் எல்லாம் கண்ணாடித் தளத்தில் கூடியிருந்தார்கள். காலுக்குக் கீழே கண்ணாடி, எதிரே கிர்காவ் கடற்கரை, ஆளுக்கொரு செல்ஃபி. என்னைக் கேட்டால் அந்தக் கண்ணாடி தேவையே இல்லை. மரம் பார்க்க வந்தவர்களை அது கடல் பக்கம் திருப்பிவிடுகிறது.

டெல்டாக்காரனுக்கு இந்த உயரம் புதுசு. எங்கள் பூமி தட்டையானது. உயரம் என்றால் கோபுரம்தான். மரத்தின் தலையைப் பார்த்தவர்கள் தென்னை ஏறுகிறவர்களும், வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி மரத்தோடு ஏணி சாத்தி நிற்பவர்களும்தான். மற்றவர்கள் மரத்தின் தலையைக் கிட்டத்தில் பார்த்தது 2018 நவம்பரில். கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்து கிடந்தபோது, குருத்தும் பாளையும் தரையில் இருந்தன. அப்படிப் பார்க்கும் நிலை இன்னொரு முறை வேண்டாம்.

சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கும் வீட்டார், அங்கே மக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் 2004-இல் திறந்த தொங்குபாலத்தைக் கேள்விப்பட்டிருக்கலாம். 250 மீட்டர் நீளம். ஆழமான இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் விமானம் 24 மீட்டர். அந்தக் கலசத்தின் மட்டத்தில் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவழிப் பாதை, பாலத்துக்குப் போகவே காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்த நடையே கூட்டத்தை வடிகட்டிவிடுகிறது. லண்டன் கியூ தோட்டத்தில் 2008-இல் 18 மீட்டர் உயரத்தில் இரும்புப் பாதையே கட்டிவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் ஊரிலும் ஒன்று கட்டலாமே என்று யாராவது கிளம்பக்கூடும். வேண்டாம். வயல் நடுவே இரும்பை நட்டு எதைப் பார்ப்பது? காடு இருக்கும் இடத்தில்தான் பாதைக்கு வேலை. கால் தரையில் படாமல் இருப்பதால் கன்றுகள் மிதிபடுவதில்லை, மண் இறுகுவதில்லை. அதுதான் முதல் லாபம், வேடிக்கை அடுத்ததுதான்.

டெல்டாவுக்கென்று ஒரு காடு இருக்கிறது, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. மன்னார்குடி வழியாகப் போய், ஜாம்புவானோடையில் படகு ஏறி, கோரையாற்றில் இறங்கிப் போக வேண்டும். அங்கே வனத்துறை போட்ட மரப்பலகைப் பாதை மலபார் ஹில்லுக்கு நேர் எதிர். மும்பையில் கிளை கண்மட்டத்துக்கு வருகிறது. இங்கே சேற்றைக் குத்திக்கொண்டு ஆயிரக்கணக்கில் மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்கள் பலகைக்குக் கீழேயே தெரிகின்றன. கஜாவின் அடியை முன்னால் நின்று வாங்கியதும் இந்தக் காடுதான்.

புதிதாகக் கட்டுவதற்குச் செலவழிக்கும் பணத்தை இந்தப் பலகைகளைப் பழுது பார்க்கவும், டெல்டாப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் படகில் கூட்டிப்போய்க் காட்டவும் அரசு ஒதுக்கட்டும். நீங்களும் போங்கள். படகு உண்டா என்று முதல் நாளே வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் கையோடு இருக்கட்டும், காலி பாட்டில் உங்களோடு திரும்பி வரட்டும்.