தலைவரின் நீக்கமும் அணியின் ஒருமைப்பாடும்: இரண்டு ஆங்கில உதைபந்தாட்டக் கழகங்களை முன்னிறுத்திய ஒரு நோக்கு

வரலாற்றில் தனிமனிதனின் பாத்திரம் யாது என்னும் வினா இலக்கிய வரலாற்று மாணவனுக்குப் புதியதன்று. ஒரு காலப்பகுதியை ஒரு மன்னன் பெயராலோ ஒரு புலவன் பெயராலோ சுட்டிவிட்டு, அப்பெயருக்குரியவன் மறைந்ததும் வீழ்ச்சி தொடங்கியதாகக் கூறும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது. இலக்கியத்தைப் பொறுத்தவரை இவ்வழக்கத்தின் போதாமையை உணர்ந்தோர் கூட, விளையாட்டைப் பற்றிப் பேசுமிடத்து அதற்கே மீண்டுவிடுகின்றனர். அணி வென்றால் அது தலைவரின் ஆளுமை. அவர் நீங்கியபின் தோற்றால் அது அவரது இன்மை. இவ்விளக்கம் முற்றாகப் பொய்யன்று. ஆயின், எழுச்சியூட்டும் தலைவரை இழந்த ஓர் அணி சிதறிப்போக, இன்னோர் அணி முன்னரிலும் வலுப்பெறுவது ஏன் என்பதற்கு அது விடை தருவதில்லை. அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆடுகளத்தில் அணிக்குத் தலைமை தாங்கும் வீரரையன்றி, வீரரைத் தெரிந்து, பயிற்றி, ஆட்டமுறையை வகுக்கும் முகாமையாளரையே இங்குத் ‘தலைவர்’ எனக் குறிக்கிறோம். மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்திற் கூட்டுழைப்பைப் பற்றி ஆராயுமிடத்து, தனித்து வாசிக்கும் வயலின் கலைஞர் தம்மைத் தாமே நெறிப்படுத்திக்கொள்வார் என்றும், வாத்தியக் குழுவுக்கோ நெறியாளர் ஒருவர் வேண்டும் என்றும் சுட்டுகிறார். அவ்விடத்திலேயே அவர் வேறொன்றையும் வற்புறுத்துகிறார். முதலாளித்துவ அமைப்பில் நெறிப்படுத்தல் என்பது உழைப்பை இணைக்கும் தொழில் மாத்திரமன்று. உடைமையாளர் சார்பில் உழைப்போரைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் ஆகும். உதைபந்தாட்ட முகாமையாளர் இவ்விரு முகங்களையும் ஒருங்கே உடையவர். அவரை நியமிப்பதும் நீக்குவதும் பணிப்பாளர் சபை. அவரை நம்பவோ நம்பாதிருக்கவோ வல்லவர்கள் வீரர்கள். எழுச்சியூட்டும் தலைவர் என நாம் போற்றுபவர், முதலாவது முகத்தின் ஒளியால் இரண்டாவது முகத்தை வீரர் மறக்கச் செய்பவரே எனலாம்.

மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தின் மற் பஸ்பியும் லிவர்பூல் கழகத்தின் பில் ஷாங்க்லியும் இத்தகையோர். பஸ்பி 1909இல் ஸ்கொட்லாந்தின் லனார்க்ஷயரிலும், ஷாங்க்லி 1913இல் எயர்ஷயரின் கிளென்பக் என்னும் சிற்றூரிலும் சுரங்கத் தொழிலாளர் சமூகங்களிற் பிறந்தவர்கள். இருவரும் இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். பக்கத்தில் நிற்பவனின் கவனத்திலேயே தன் உயிர் தங்கியுள்ளது என்பதைச் சுரங்கத் தொழிலாளி நாள்தோறும் அறிகிறான். அவர்கள் தத்தம் அணிகளில் வற்புறுத்திய ஒருமைப்பாடு இவ்வாழ்விலிருந்து பெறப்பட்டது. அதற்குப் பொருளியல் அடித்தளமும் இருந்தது. 1961 வரை இங்கிலாந்தின் தொழில்முறை வீரர் எவரும் லீக் விதிப்படி வாரத்துக்கு 20 பவுணுக்கு மேற் பெறமுடியாது. வீரர் சங்கத்தின் வேலைநிறுத்த எச்சரிக்கையின் பின்னரே இவ்வுச்சவரம்பு நீங்கிற்று. அநீதியான இவ்வரம்பு வீரரிடையே ஒருவகைச் சமத்துவத்தையும் பேணிற்று என்பது வரலாற்றின் முரண்நகையாகும்.

தலைவரின் இழப்பு முதலில் துயரமாகவே வெளிப்படுகிறது. துயரம் மனிதரை ஒன்றுசேர்க்கிறது. 1958 பெப்ரவரி 6ஆம் திகதி, பெல்கிறேட்டில் ஆடிவிட்டுத் திரும்பிய மன்செஸ்ரர் யுனைற்றெட் அணியினரின் விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளாயிற்று. 23 பேர் மாண்டனர். அவருள் எண்மர் ஆட்டவீரர். பஸ்பி படுகாயமுற்று மருத்துவமனையிற் கிடந்தார். வேல்ஸ் அணியின் பொறுப்பையும் வகித்தமையால் அப்பயணத்திற் சேராதிருந்த துணை முகாமையாளர் ஜிமி மேர்பி, உயிர்தப்பியோரையும் இளைஞரையும் அவசரமாகச் சேர்த்துக்கொண்ட இருவரையும் கொண்டு ஓரணியை அமைத்தார். பதின்மூன்று நாள்களின் பின்னர் அவ்வணி இங்கிலாந்துக் கிண்ணப் போட்டியொன்றில் ஷெஃபீல்ட் வெனஸ்டே கழகத்தை 3-0 என வென்றது. அன்றைய நிகழ்ச்சி நிரலில் மன்செஸ்ரர் வீரரின் பெயர்களுக்குரிய இடங்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. மே மாதத்தில் அவ்வணி கிண்ணத்தின் இறுதியாட்டத்தையும் எட்டிற்று.

இது பெரிதும் போற்றப்படும் கதை. ஆயின் இதே வேளையில் நிகழ்ந்த மற்றொன்று அத்துணை பேசப்படுவதில்லை. விபத்தின் பின்னர் அப்பருவத்தில் ஆடிய 14 லீக் ஆட்டங்களில் அவ்வணி ஒன்றையே வென்றது. பட்டியலில் 9ஆம் இடத்துக்கு இறங்கியது. கிண்ணப் போட்டி ஓர் இரவின் உணர்ச்சியால் வெல்லப்படக் கூடியது. லீக் என்பதோ வாரந்தோறும் தொடரும் உழைப்பு. நமது புறத்திணை மரபு தலைவனை இழந்தோர் நிலையைக் ‘கையறுநிலை’ எனப் பெயரிட்டது மனங்கொளத்தக்கது. கையற்றோர் ஒருங்கே அழலாம். ஒருங்கே தொழில் செய்வதற்கு அவர்க்குக் கை வேண்டும். எனவே துயரத்தின் ஒருமைப்பாட்டையும் உழைப்பின் ஒருமைப்பாட்டையும் வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும்.

பஸ்பி மீண்டு வந்து புதியதோர் அணியைக் கட்டியெழுப்பி, 1968இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றார். 1969இல் அணிப் பொறுப்பிலிருந்து அவர் விலகியபோதே உண்மையான சோதனை தொடங்கிற்று. அவருக்குப் பின் பொறுப்பேற்ற வில்ஃப் மக்கின்னஸ் 31 வயதினர். அணியின் மூத்த வீரர் பொபி சார்ள்ற்றனும் அவரும் ஒரே மாதத்திற் பிறந்தவர்கள். நேற்றுவரை தோழராயிருந்தவரைத் தலைவராக ஏற்பது எளிதன்று. அதனிலும் முக்கியமானது, பஸ்பி பொது முகாமையாளராகக் கழகத்திலேயே இருந்தமையாகும். பொறுப்பு ஒருவரிடமும் செல்வாக்கு மற்றொருவரிடமும் இருந்தன. 1970 டிசெம்பரில் மக்கின்னஸ் நீக்கப்பட்டார். பஸ்பி தற்காலிகமாக மீண்டார். அடுத்து வந்த ஃபிராங் ஓஃபரல் 1972 டிசெம்பரில் நீக்கப்பட்டார். 1974இல், ஐரோப்பிய வெற்றிக்கு ஆறாண்டுகளின் பின்னர், கழகம் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது.

இவ்வீழ்ச்சியைப் பஸ்பியின் இன்மைக்கு மட்டும் ஏற்றிக்கூறுவது பொருந்தாது. அவரது அணி முதுமையடைந்திருந்தது. ஊதிய வரம்பு நீங்கியபின் வீரருக்கிடையிலான உறவும் மாறியிருந்தது. விளம்பர உலகம் ஜோர்ஜ் பெஸ்ற் என்னும் ஒப்பற்ற இளைஞரை அணியிலிருந்து பிரித்து எடுத்து, விற்பனைக்குரிய ஓர் உருவமாக்கிற்று. இம்முரண்பாடுகள் பஸ்பியின் காலத்திலேயே தோன்றிவிட்டன. அவரது தனிப்பட்ட மதிப்பு அவற்றைத் தீர்க்கவில்லை, மறைத்து வைத்தது. அவர் விலகியதும் அவை வெளிப்பட்டன. தலைவரின் நீக்கம் பிளவை உண்டாக்குவதிலும் பார்க்க, இருந்த பிளவை வெளிக்கொணர்வதே பெரும்பான்மை எனலாம்.

லிவர்பூலின் அனுபவம் இதற்கு மறுதலையானது. 1959 டிசெம்பரில் இரண்டாம் பிரிவிலிருந்த கழகத்தை ஏற்ற ஷாங்க்லி, அங்கிருந்த பொப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், றூபன் பெனற் ஆகிய பயிற்றுநரை நீக்காமல் அவர்களோடு சேர்ந்தே பணியாற்றினார். காலணிகள் வைக்கும் சிறு அறையொன்றிற் கூடி அவர்கள் ஒவ்வோர் ஆட்டத்தையும் வீரரையும் பற்றி விவாதித்தனர். பந்தைக் கொடுத்துவிட்டு இடம்பெயர்தல் என்னும் எளிய கோட்பாட்டைச் சிறு குழு ஆட்டங்கள் வாயிலாக வீரருக்கு நாள்தோறும் பயிற்றினர். 1964, 1966, 1973 ஆகிய ஆண்டுகளில் லீக் வெற்றி கிட்டியது. 1974 ஜூலை 12ஆம் திகதி, இங்கிலாந்துக் கிண்ணத்தை வென்ற சில வாரங்களில், ஷாங்க்லி விலகுவதாக அறிவித்தபோது நகரமே திகைத்தது.

அவரது இடத்துக்கு வந்த பெய்ஸ்லி பேச்சு வன்மை அற்றவர். டேரம் சுரங்கப் பிரதேசத்தவர். 1939 முதல் அக்கழகத்தோடு இணைந்திருந்தவர். முதலாவது பருவத்தில் அவருக்கு எக்கிண்ணமும் கிட்டவில்லை. லீக்கில் இரண்டாம் இடமே கிடைத்தது. ஆயின் 1983இல் ஓய்வுபெறுவதற்குள் ஆறு லீக் வெற்றிகளும் 1977, 1978, 1981 ஆண்டுகளின் ஐரோப்பியக் கிண்ணங்களும் அவர் காலத்தில் வந்து சேர்ந்தன. ஷாங்க்லியின் ஆளுமையை அவர் பாவனை செய்யவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. எழுச்சி ஒருவரின் குரலில் இருந்தது. ஒருமைப்பாடோ பலரின் அன்றாடப் பழக்கத்தில் ஊன்றியிருந்தது. குரல் நின்றபின்னும் பழக்கம் நிலைத்தது.

இவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. அதனைக் கூறாது விடுவது நேர்மையாகாது. விலகிய பின்னரும் ஷாங்க்லி பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தார். வீரர் அவரையே முன்போலத் தலைவர் என விளித்தனர். இது பெய்ஸ்லியின் நிலையைச் சங்கடப்படுத்தியது. ஈற்றில், தமது வருகை விரும்பப்படவில்லை என்பதை அம்மனிதர் உணரவேண்டியதாயிற்று. பதினைந்தாண்டுக் காலம் தம்மைக் கொடுத்த இடத்துக்கு அந்நியராகி, 1981இல் அவர் காலமானார். மன்செஸ்ரரில் முன்னைய தலைவருக்கு இடமளித்தமையால் அணி இடர்ப்பட்டது; லிவர்பூலில் அணி நிலைக்க முன்னைய தலைவர் வெளியே நிற்க நேர்ந்தது. தோழமையைப் போதித்தவரைத் தோழமையோடு வழியனுப்ப அவ்வமைப்பு அறிந்திருக்கவில்லை. ஏனெனில் கழகம் வீரருக்கோ பயிற்றுநருக்கோ ஆதரவாளருக்கோ உரியதன்று. அவர்களது ஒருமைப்பாடு எத்துணை உண்மையானதாயினும், அது பிறர் உடைமைக்குள் வாழ்ந்த ஒருமைப்பாடே.

நிறுவனமும் அழியாப் பொருளன்று என்பதையும் இங்குச் சேர்த்துக் கூறவேண்டும். அக்காலணி அறை 1993இல் இடிக்கப்பட்டது. 1990இன் பின்னர் லிவர்பூல் மீண்டும் லீக்கை வெல்ல 2020 வரை காத்திருந்தது. மன்செஸ்ரர் யுனைற்றெட்டின் அலெக்ஸ் ஃபேகுசன் லீக்கை வென்றுகொண்டே 2013இல் ஓய்வுபெற, அடுத்த பருவத்திலேயே அக்கழகம் 7ஆம் இடத்துக்கு இறங்கிற்று. மாறாக, 2024இல் யேர்கன் குளொப் நீங்கிய லிவர்பூல் அடுத்த பருவத்திலேயே லீக்கை வென்றது. ஒரே வகையான இழப்பு எங்கும் ஒரே விளைவைத் தருவதில்லை.

இதுவரை கூறியவற்றால் தலைவரின் பங்கு அற்பமானது என்பது பெறப்படாது. ஷாங்க்லி இன்றி அவ்வறையின் விவாதம் அவ்வளவு வீறு பெற்றிருக்குமா என்பது ஐயமே. வரலாற்றின் தேவையைப் பிறருக்கு முன்னர் உணர்ந்து செயற்படுபவரே பெரியார் என்பது பிளெக்கனோவின் கருத்து. அதனை ஏற்போர், பெருமையின் அளவுகோல் ஒன்றையும் ஏற்க நேரும். தலைவர் உள்ளபோது அணி எவ்வளவு வென்றது என்பது ஓர் அளவு. அவர் தம்மிடமிருந்த அறிவை எத்துணை பேருக்குப் பொதுவுடைமையாக்கினார் என்பது அதனிலும் நுண்ணிய அளவு. அவர் நீங்கிய மறுநாட் காலை, பயிற்சி மைதானத்தில், யாரும் கட்டளையிடாமலே வீரர் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுக்கத் தொடங்கினரா என்பதில் அவ்வினாவுக்கான விடை உள்ளது.