பாடசாலை வைத்திய பரிசோதனையும் தோட்டத்துப் பிள்ளைகளும்

1907ஆம் ஆண்டில் ஒரே முடியாட்சியின்கீழ் இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று இங்கிலாந்திலே தொடக்கப் பாடசாலைப் பிள்ளைகளை வைத்தியர் பரிசோதித்தல் வேண்டுமெனக் கல்வி அதிகாரிகளைக் கட்டுப்படுத்திற்று. மற்றையது இலங்கையின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம். தோட்டங்களில் வாழும் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி கிடைக்க வழிசெய்தல் தோட்டத் துரைமாரின் கடனென அது விதித்தது. அங்கே சட்டம் பிள்ளையின் உடலை நோக்கிற்று. இங்கே கூடத்தையும் ஆசிரியரையும் நோக்கியதோடு நின்றது.

இங்கிலாந்தின் அக்கறை வெறும் கருணையினாற் பிறந்ததன்று. 1899 முதல் 1902 வரை நிகழ்ந்த போவர் யுத்தத்துக்குப் படையிற் சேர வந்த இளைஞருட் பலர் உடற்குறையாற் கழிக்கப்பட்டனர். அரசு திடுக்கிட்டு ஆராய்ந்தது. ஆயினும் பரிசோதனை தொடங்கிய சில ஆண்டுகளிலேயே ஓர் உண்மை புலனாயிற்று. சொத்தைப் பல், மங்கிய பார்வை, காதிற் சீழ் என்பன பதிவேட்டில் ஏறின. பிள்ளையின் உடலைவிட்டு இறங்கவில்லை. வறிய பெற்றோர் வைத்தியரிடம் செல்லப் பணத்துக்கு எங்கே போவர்? ஆகவே பாடசாலைச் சிகிச்சை நிலையங்கள் எழுந்தன. 1912 முதல் அரசு மானியம் கிடைத்தது. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பரிசோதனையோடு இலவச சிகிச்சையையும் அதிகாரசபைகளின் கடமையாக்கியது. 1946 முதல் நாள்தோறும் மூன்றிலொரு பைந்து பால் விலையின்றி வழங்கப்பட்டது. திம்புள்ளத் தேயிலையைப் பாலூற்றிப் பருகிய நாட்டில் பிள்ளைகளுக்குப் பால் கிடைத்த அக்காலத்தே, அத்தேயிலையைக் கிள்ளியவளின் பிள்ளைக்கு வெறுந் தேத்தண்ணீரே வாய்த்தது. உணவோடு அதனைப் பருகினால் இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையுமென்பதையும் ஈண்டு நினைத்தல் தகும்.

தோட்டங்களில் வைத்தியமே இல்லாதிருந்தது என்று கூறுதல் பொருந்தாது. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ்த் தோட்ட மருந்தகங்களும் வைத்தியசாலைகளும் நடந்தன. ஆனால் அவை நோயாளியை எதிர்பார்த்திருந்தவை. நோயை வகுப்பறையிற் சென்று தேடியவையல்ல. 1926இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு களுத்துறையில் முதற் சுகாதாரப் பகுதி அமைந்தபின், பாடசாலைப் பரிசோதனை அத்தகைய பகுதிகளின் பணிகளுள் ஒன்றாயிற்று. தோட்ட எல்லைக்குள் சுகாதாரம் நெடுங்காலம் துரையின் பொறுப்பாகவே இருந்தமையால், அப்பணி லயங்களை எட்டத் தாமதித்தது.

இதற்கு முன்பே, 1916இல், அந்நிறுவனம் மாத்தளைத் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியிருந்தது. செனப்போடிய எண்ணெய் கொடுத்துப் புழு நீக்கினர். கழிப்பிடமில்லா லயத்துக்கு மீண்டவரை, அசுத்தமான மண்ணிலே வெறுங்காலுடன் நடந்தபோது அதே புழு மறுபடியும் பற்றிற்று. மருந்து வென்றதை மண் தோற்கடித்தது என்க.

1977 முதல் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. இன்று சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலைக்கு வருகின்றனர். 1, 4, 7, 10 ஆகிய வகுப்பு மாணாக்கர் பரிசோதிக்கப்படுகின்றனர். இருநூறுக்கு மேற்படாத மாணாக்கர் கொண்ட பாடசாலைகளில் எல்லா வகுப்பினரும் பரிசோதிக்கப்படவேண்டும் என்பது விதி. சிறிய தோட்டப் பாடசாலைகளுக்கு இவ்விதி பேருதவியாகும். உயரம், நிறை, பார்வை, பல், தோல், இருதயம் என்பன ஆராயப்படுகின்றன. உரிய வகுப்பில் தடுப்பூசியும் ஏற்றப்படுகின்றது.

எனினும் இங்கிலாந்து 1907க்குப் பின் எதிர்கொண்ட அதே வினா இங்கும் எழுகின்றது: குறை கண்டபின் யாது? சிகிச்சைக்கு இந்நாட்டு அரசாங்க வைத்தியசாலை பணம் கேட்பதில்லை. தடை வேறிடத்தில் உளது. நுவரெலியாவுக்கோ டிக்கோயாவுக்கோ பிள்ளையை அழைத்துச் செல்லும் தாய் அன்று கொழுந்தெடுக்கப் போகமுடியாது. அவளுக்கு அன்றைய 'பேர்' இல்லை. பஸ் கட்டணம் வேறு. கண்ணாடி கட்டாயமெனின் இரண்டாம் முறையும் போகவேண்டும். இன்னொரு பேரும் போயிற்று. பரிந்துரைத் துண்டு தாய்க்குத் தெரியாத மொழியில் இருந்துவிட்டால் அது லயத்து அறையின் கூரைத் தகரத்திற் செருகப்பட்டுக் கிடக்கும். இதனைப் பெற்றோரின் அசட்டை என்பார் உளர். அவர் ஒரு நாட் கூலியைக் கணக்கிட்டுப் பார்த்தவரல்லர்.

இவ்விடத்தில் ஆசிரியரின் பங்கு பெரிது. வைத்தியர் வருவது ஆண்டுக்கு ஒருநாள்; ஆசிரியர் பிள்ளையைக் காண்பது நாள்தோறும். கரும்பலகையை நோக்கிக் கண்ணைச் சுருக்குபவனையும், அடுத்தவன் கொப்பியைப் பார்த்து எழுதுபவனையும் மந்தபுத்தியுடையோன் எனக் கடைசி வாங்கில் இருத்துவது நம்மிடையே பழகிப்போன பிழை. பார்வைப் பரிசோதனைக்கு வேண்டியன எழுத்தட்டை ஒன்றும், ஆறு மீற்றர் நீளமுள்ள வெளிச்சமான இடமுமே. ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் வாசிக்கச் செய்தல் ஐந்து நிமிட வேலை. அவ்வாறு கண்ட பெயர்களைத் தலைமையாசிரியர் பட்டியலாக்கி, ஐந்தாறு பிள்ளைகளை ஒரே நாளில் ஒருவர் துணையுடன் வைத்தியசாலைக்கு அனுப்பலாம். அப்போது இழக்கப்படுவது ஆறு தாய்மாரின் பேரன்று, ஒருவரின் பேர் மட்டுமே. அதனையும் தோட்ட நிருவாகம் வேலைநாளாகக் கணக்கிட இசைந்தால் அதுவும் இழப்பாகாது.