ஓ.பி. சீட்டை எண்ணினா போதுமா? நர்ஸ் கணக்கு போடுற விதம்

அரசு ஆஸ்பத்திரி வரிசையில நிக்கும்போது "ஏன் நர்ஸ் இவ்வளவு கம்மி?"ன்னு நாம கேட்டிருப்போம். எத்தனை பேர் வேணும்னு எப்படிக் கணக்கு போடுறாங்க? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

வார்டுல கட்டிலை எண்ணிடலாம். பொது மருத்துவமனை வார்டுல 5 நோயாளிக்கு 1 நர்ஸ்ங்கிறது இந்திய நர்ஸிங் கவுன்சிலோட அளவு. ஓ.பி.யில கட்டிலே கிடையாது. அதனால சீட்டை எண்ணுறோம். சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது.

களக்காட்டையே எடுத்துக்குவோம். சுத்தி வாழைத்தோட்டம், மேற்கே புலிகள் காப்பகம். பி.பி. மாத்திரைக்கு வர்ற ஆச்சிக்கு சில நிமிஷ வேலைதான். நாய் கடிச்ச பையனுக்கு சோப்பு போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவணும், அப்புறம் தடுப்பூசி. அதே பையன் 3-ஆம் நாள் வந்தா ஊசி மட்டும். தோட்டத்துல பாம்பு கடிச்ச அண்ணாச்சி வந்தா? ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில 20 நிமிஷம் அசைக்காம வெச்சு, உறையுதான்னு பாக்கணும். விஷமுறிவு மருந்து ஏறும்போது ஒவ்வாமை வருதான்னு பக்கத்துலயே நிக்கணும். ஆனா சீட்டு ஆளுக்கு ஒண்ணுதான்!

இதுக்கு உலக சுகாதார நிறுவனம் 'விஸ்ன்'னு ஒரு முறை வெச்சிருக்கு. ஆளை விட்டுட்டு வேலை நேரத்தை எண்ணுற முறை அது. சுருக்கமா ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு நாளைக்கு 150 பேர். பி.பி., சுகர் பாக்க 100 பேர், தலைக்கு 4 நிமிஷம்; ஊசிக்கு 30 பேர், 5 நிமிஷம்; கட்டு மாத்த 15 பேர், 15 நிமிஷம்; கூடுதல் கவனிப்புக்கு 5 பேர், 25 நிமிஷம். மொத்தம் 900 நிமிஷம். பதிவேடு, சாப்பாடு போக ஒரு நர்ஸுக்குக் கிடைக்கிறது 360 நிமிஷம்னா, 2.5 பேர் வேணும். இருக்கிறது 2 பேர்னா விகிதம் 0.8. 1-க்குக் கீழ போனாலே ஆள் பத்தலைன்னு அர்த்தம்.

லீவு, பயிற்சியையும் இதுல கழிக்கணும். 24 மணி நேரப் பிரசவத்துக்காக நம்ம ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல 3 நர்ஸ் முறை வந்துச்சு, ஷிஃப்டுக்கு ஒருத்தர். வாரத்துக்கு 168 மணி நேரம். ஆளுக்கு 48 மணி நேரம்னாலே 3.5 பேர் வேணும்!

இன்னொண்ணு, சராசரி எப்பவும் முழுசாச் சொல்லாது. ஒரே நர்ஸ் இருக்கிற நேரத்துல பாம்புக்கடியும் பிரசவ வலியும் சேர்ந்து வந்தா, யார் பக்கத்துல நிப்பாங்க? அந்த நேரத்துக்கு ஒரு கூடுதல் ஆள் கேக்க, சீட்டோட சேர்த்து நிமிஷமும் பதிவேட்டுல ஏறணும். அடுத்த எபிசோட்ல பாப்போம்!